உஷார்! உங்கள் பழைய பைக்கின் டேங்க்குக்கு அடியில் பார்த்தீர்களா?

அப்பா ஓட்டிய புல்லட்டா? மாமா விட்டுப் போன யெஸ்டியா? கன்சல்டிங்கில் பேரம் பேசி எடுத்த ஆர்.எக்ஸ். 100-ஆ? எதுவானாலும் சரி. இதைப் படித்து முடிக்கும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

பெயின்ட் அடித்தாயிற்று. குரோம் போட்டாயிற்று. சைலென்சர் மாற்றியாயிற்று. சீட்டுக்குப் புது உறையும் தைத்தாயிற்று. ரீல்ஸ் எடுத்துப் போட்டு ஊரெல்லாம் பார்த்தாயிற்று.

வயரிங் பார்த்தீர்களா?

"லைட்டெல்லாம் நல்லாத்தானேக்கா எரியுது, ஒண்ணும் பிரச்சினையில்ல" என்கிறார்கள் பிள்ளைகள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. விளக்கு எரிகிறது என்றால் கரன்ட் போகிறது, அவ்வளவுதான். எந்த வழியாகப் போகிறது, போகிற வழியில் எங்கே உரசுகிறது, எதைச் சூடாக்குகிறது என்பதையெல்லாம் விளக்கு வந்து சொல்லாது. புகை வந்துதான் சொல்லும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பைக்கின் மொத்த வயர்க்கட்டும் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃப்ரேமின் மேல்குழாயை ஒட்டிப் போய், ஹேண்டில் கழுத்தில் வளைந்து, ஹெட்லைட் டூமுக்குள் நுழைகிறது. அந்த மேல்குழாயின்மீது உட்கார்ந்திருப்பது பெட்ரோல் டேங்க். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். கீழே கார்புரேட்டர். அதற்கும் கீழே கொதிக்கிற எஞ்சின். நீங்கள் ஒரு நாளும் பார்க்காத இடம் அது. தீப்பிடிக்கத் தேவையான அத்தனையும் ஒரு முழத்துக்குள் கூடியிருக்கிற இடமும் அதுதான்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம் என்று அந்தப் பையனின் அம்மா கேட்டுக்கொண்டார். "ஆனா நடந்தத எழுதுங்க, நாலு பிள்ளைங்க பொழைக்கட்டும்" என்றும் அவர்தான் சொன்னார்.

தாத்தாவின் புல்லட். பல வருடங்களாக மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தை வெள்ளம் முட்டி, ரயில்களே நின்றுபோயின. அந்த வெள்ளத்தில் இந்த வண்டியும் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்தபின்தான் பையனுக்கு வண்டிமேல் ஆசை வந்திருக்கிறது. விழுப்புரத்தில் வேலை கிடைத்திருந்தது. கையில் நாலு காசு புரண்டது. ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டான்.

ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங். டேங்க்குக்கு பழைய பாணியில் கோடு இழுத்த பெயின்ட். எஞ்சின் பிரித்துப் போட்ட செலவு. பணம் கரைந்துவிட்டது. "தம்பி, வயரிங் கிட் புதுசா வாங்கிடலாம்ப்பா" என்று மெக்கானிக் சொல்லத்தான் செய்தாராம். "இருக்கறத வச்சே ஒட்டுப் போட்டுக் குடுங்கண்ணே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொன்னவன் இவன்தான். அடுத்த மாதம் வந்தது. வயரிங் கிட் வரவில்லை. அதற்குப் பதில் ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்பும் ஒரு ஏர் ஹாரனும் வந்தன.

வைகாசி மாத இரவு. ஷிஃப்ட் முடிந்து விழுப்புரத்திலிருந்து ஊருக்குத் திரும்புகிறான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம். பிளாஸ்டிக் கருகுகிற வாடை. முன்னால் போகிற லாரியின் பிரேக் என்று நினைத்துக்கொண்டான். ஹெட்லைட் மங்கியது. சார்ஜ் இல்லை போல, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டே இருந்தான். அடுத்த நிமிடம் விளக்கு அடியோடு போய்விட்டது. ஜி.எஸ்.டி. சாலை, கும்மிருட்டு, பின்னால் பஸ். எப்படியோ ஓரம் கட்டிவிட்டான். டேங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாகப் புகை.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது.

புகை நிற்கவில்லை.

இந்த இடத்தைத் திரும்பவும் படியுங்கள். சாவியை அணைத்தும் புகை நிற்கவில்லை. ஏன் தெரியுமா? ஷார்ட் ஆனது பேட்டரிக்கும் சாவி சுவிட்சுக்கும் இடையில் வருகிற வயர். அதற்குச் சாவி காவல் இல்லை. ஃபியூஸ் ஒன்றுதான் காவல். அந்த ஃபியூஸ் கூட்டுக்குள் ஃபியூஸ் இல்லை. எப்போதோ யாரோ வைத்த தடித்த செம்புக் கம்பி இருந்தது.

பேட்டரியைக் கழற்றலாம் என்று பக்கப் பெட்டியைப் பிடித்து இழுத்தான். ஸ்க்ரூ போட்டு மூடியிருந்தது. டேங்க்குக்கு அடியில் கையை விட்டு வயரை அப்படியே பிய்க்கப் பார்த்தான். உருகிய வயர் உறை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் பெட்ரோல் குழாய் இளகிச் சொட்ட ஆரம்பித்து, குப்பென்று பற்றிவிட்டது. பின்னால் வந்த ஒரு லாரி டிரைவர்தான் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். 108 வந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினான். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டிக்கு ஒரு ரூபாய்கூட இழப்பீடு வரவில்லை. பழைய வண்டிதானே என்று தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருந்தார்கள். அது அடுத்தவருக்கு நேர்ந்த சேதத்துக்குத்தான். உங்கள் வண்டி எரிந்தால் அதில் ஒன்றும் கிடைக்காது.

பிறகு அந்த எலும்புக்கூட்டை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்தார். ஹேண்டில் கழுத்தில், வயர்க்கட்டு வளைகிற இடத்தில், ஃப்ரேமின் விளிம்பு பட்டுப் பட்டு உறை தேய்ந்திருந்தது. ஒவ்வொரு முறை ஹேண்டிலைத் திருப்பும்போதும் ஒரு மயிரிழை தேய்ந்திருக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளி ஒட்டுப் போட்ட வயர். வண்டி வயர் அல்ல, வீட்டுக்குப் போடுகிற வயர். முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் டேப்பின் பசை இளகி, டேப் நழுவி, செம்பு வெளியே தெரிந்தது.

செம்புக் கம்பியை ஃபியூஸ் இடத்தில் வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பலருக்கும் தெரியவில்லை. ஃபியூஸின் வேலையே வயருக்கு முன்னால் தான் செத்து வயரைக் காப்பாற்றுவது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியருக்குள்தான் மெயின் ஃபியூஸ் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கம்பி உருக ஏறக்குறைய 80 ஆம்பியர் வேண்டும். அது உருகுவதற்கு வெகு முன்பே வண்டியின் வயர்கள் அடுப்புக்கம்பிபோலச் சிவந்துவிடும். "சின்ன பேட்டரிதானே, என்ன செய்துவிடும்" என்று நினைக்காதீர்கள். ஷார்ட் ஆனால் அந்தச் சின்ன லெட்-ஆசிட் பேட்டரியும் சில நொடிகளில் நூறு ஆம்பியர் அளவுக்குக் கொட்டிவிடும். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைப்பதும் இதே கொலைபாதகம்தான். ஒரு கண்ணாடி ஃபியூஸ் சில ரூபாய். அந்தச் சில ரூபாய்க்குச் சோம்பல்பட்டுத்தான் விரல்கள் போகின்றன.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் கூடுதலாகக் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளம். அவற்றில் பல, கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, கை மாறி, இன்று வேறு யாரிடமோ ஓடிக்கொண்டிருக்கின்றன. வயர் உறைக்குள் போன சேற்றுத் தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? உறைக்குள் நுழைந்த ஈரம் செம்பு இழைகளின் ஊடே ஏறிக்கொண்டே போகும். மாதங்கள் கழித்து உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. தொட்டால் பொடியாக உதிரும். மரக்காணம், கோட்டக்குப்பம் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு வெள்ளமே வேண்டாம். உப்பளக் காற்றே போதும். களிம்பேறிய வயரில் கரன்ட் போகத் தடுமாறும். தடுமாறுகிற இடத்தில் சூடேறும். சூடேறிய இடத்தில் உறை இளகும். வெளியே பார்த்தால் வயர் நன்றாகத்தான் இருக்கும்!

கன்சல்டிங்கில் பழைய வண்டி எடுக்கப் போகிறீர்களா? "2024 மழையில் நின்ற வண்டியா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை மட்டும் நம்பாதீர்கள். ஹெட்லைட் டூமைத் திறக்கச் சொல்லி, அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, கப்ளர் பின்கள் பச்சையாக இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். திறக்க மாட்டேன் என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஆர்.சி. புதுப்பித்த வண்டி என்று சொல்வார்கள். டி.என். 16 ஆனாலும் டி.என். 32 ஆனாலும் 15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். டேங்க்கைக் கழற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. உங்கள் வேலை.

இன்னொரு பெரிய ஆபத்து, ஆசையால் வருவது. இந்த வண்டிகள் எந்தக் காலத்தவை என்று யோசித்துப் பாருங்கள். 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்கள் 6 வோல்ட். பிற்பாடுதான் 12 வோல்ட் வந்தது. மைசூர் ஜாவாவின் டைனமோ 6 வோல்ட், 45 வாட். மொத்த வண்டிக்கும் சேர்த்தே 45 வாட்! அந்தக் கணக்கில் போட்ட வயர்களில் போய் 100 வாட் பல்பை மாட்டினால் என்ன ஆகும்? 12 வோல்ட்டில் 35 வாட் பல்புக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் போதும். 100 வாட்டுக்கு எட்டுக்கு மேல். ஏர் ஹாரனில் 10 ஆம்பியரைத் தாண்டி இழுக்கிற வகைகள் உண்டு. இவ்வளவும் ஹேண்டில் சுவிட்சுக்குள் இருக்கிற கடுகளவு பித்தளைப் புள்ளி வழியாகப் போகிறது. சுவிட்ச் இளகும். பல்ப் ஹோல்டர் கருகும். ஹெட்லைட்டும் ஹாரனும் ரிலே வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும். ரிலே இல்லாமல் பெரிய பல்ப் போடவே கூடாது.

6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டாக மாற்றுகிறேன் என்று கிளம்பியிருப்பவர்களே, பாதி மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். பல்ப், ஹாரன், காயில், சார்ஜிங், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். பழைய 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டு 12 வோல்ட் கொடுத்தால் அது கொதித்துச் செத்துப்போகும். மாற்ற வேண்டாம், 6 வோல்ட்டிலேயே இருக்கட்டும் என்பவர்களும் கவனியுங்கள். அதே 35 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் தேவை, அதாவது இரண்டு மடங்கு. ஆகவே 6 வோல்ட் வண்டிக்கு மெல்லிய வயர் ஆகவே ஆகாது.

வீட்டு வயரை வண்டிக்குப் போடாதீர்கள். போட விடாதீர்கள். சுவருக்குள் ஆடாமல் அசையாமல் கிடப்பதற்குச் செய்தது அது. அதன் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிவரைதான் தாங்கும். வண்டிக்கென்று விற்கிற வயரில் 105 டிகிரி தாங்குகிற வகை உண்டு, கேட்டு வாங்குங்கள். அதில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும். புல்லட்டின் அதிர்வில் தடித்த இழை களைத்து ஒவ்வொன்றாக முறியும். மிச்சம் நிற்கிற இரண்டு மூன்று இழைகள் எல்லாக் கரன்ட்டையும் சுமந்து பழுக்கும். விலை மலிவாக யாராவது கொடுத்தால் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம் அளவுதான் அலுமினியம் கடத்தும்.

நிறத்தை நம்பியும் மோசம் போகிறார்கள். கறுப்பு என்றால் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு இணைக்கிற பிள்ளைகளே, நில்லுங்கள்! ஹீரோ ஹோண்டாவில் எர்த் பச்சை. யமஹாவில் கறுப்பு. சுசுகி வழி வந்த வண்டிகளில் கறுப்பில் வெள்ளைக் கோடு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அங்கே சிவப்பு வயர் எர்த்! அதில் தலைகீழாக பேட்டரியை மாட்டினால் ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும். இதெல்லாம் போக, உங்கள் வண்டியில் முன்பே நாலு பேர் கை வைத்து நாலு நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். அந்த வண்டிக்கான வயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டெஸ்ட் லாம்ப் அல்லது மல்ட்டி மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

பவுடர் கோட்டிங் போட்டவர்கள் எர்த்தைப் பாருங்கள். ஃப்ரேம் முழுக்கப் பளபளவென்று பூச்சு ஏறிவிட்டால், போல்ட் முறுக்குகிற இடத்திலும் பூச்சுதான். எர்த் கிடைக்காது. வழி கிடைக்காத கரன்ட் சும்மா இருக்காது. கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எந்த இரும்பு கிடைக்கிறதோ அதன் வழியாகப் போகும். செல்ஃப் ஸ்டார்ட் வண்டியில் அந்தக் கேபிளே பழுத்துவிடும். எஞ்சினிலிருந்து பேட்டரி எர்த்துக்குத் தடித்த வயர் ஒன்று தனியாகப் போட வேண்டும். போல்ட் உட்காருகிற இடத்தில் பூச்சைச் சுரண்டி, இரும்பு தெரிய வேண்டும்.

இனி, உங்கள் வண்டி ஏற்கெனவே உங்களை எச்சரித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறதா? பிரேக்கை மிதித்தால் ஹாரன் கம்மிப்போகிறதா? எர்த் சரியில்லை.

ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதா? கழுத்தில் வயர் அறுந்துகொண்டிருக்கிறது. இதை அலட்சியம் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பையனின் வண்டிக்கும் இந்த அறிகுறி இருந்ததாம். "ஒரு தட்டுத் தட்டினா எரியும்மா" என்று சொல்வானாம்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரிய ஃபியூஸ் போடாதீர்கள்! காரணத்தைத் தேடுங்கள். ஃபியூஸ் போவது தொல்லை அல்ல. அது உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நல்ல வேகத்தில் போகும்போதும் ஆம்ப் மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்தே கிடக்கிறதா? சார்ஜ் ஏறவில்லை. நடுவழியில், நட்டநடு இரவில் இருட்டாகிவிடும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் முண்டியம்பாக்கம் ஆலைக்கு ஊர்ந்து போகிற சாலையில் உங்கள் ஹெட்லைட் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முள் எப்போதும் வலப்பக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஆபத்துதான். பேட்டரி பக்கம் அழுகிய முட்டை வாடை, பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவது, பல்ப் அடிக்கடி ஃபியூஸாவது, எல்லாம் ஒரே கதை. ரெகுலேட்டர் கெட்டு பேட்டரி கொதிக்கிறது. 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 அல்லது 14.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வண்டியை எடுக்காதீர்கள். கொதிக்கிற பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் தீக்குச்சி உரசி எட்டிப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஐயோ, வேண்டாம்!

சாவி சுவிட்சைத் தொட்டால் சுடுகிறதா? ஹெட்லைட் டூம் மேல் கை வைத்தால் சூடா? சீட்டைத் தூக்கினால் கருகல் வாடையா? அன்றைக்கு அந்த வண்டி எங்கும் போகக் கூடாது. ரொம்ப நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலிப் புழுக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த வயர் வெளியே தெரியாது. போன் சார்ஜர், திருட்டு அலாரம் என்று பேட்டரியில் நேரடியாகச் செருகிய எதுவும், தனி ஃபியூஸ் இல்லாவிட்டால் அன்றே கழற்றப்பட வேண்டும்.

பட்டறைக்குப் போகிறீர்களா? கூச்சப்படாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் பேச்சே "அண்ணே, டேங்க்கைக் கழற்றுங்க, வயரிங்கை நான் பார்க்கணும்" என்பதாக இருக்கட்டும். நெகட்டிவ் எர்த் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ்தான் முதலில் கழல வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் ஃப்ரேமில் பட்ட கணம் பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல். பழைய வயர்க்கட்டைப் பிய்த்து எறிவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கி டேப் சுற்றுகிற இணைப்பு ஒன்றுகூட வேண்டாம். லக் போட்டு அழுத்தி, மேலே ஸ்லீவ் ஏற்றியதாக இருக்கட்டும். கழுத்து வளைவில் ரப்பர் உறை போட்டு, ஹேண்டிலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற வயருக்குக் காவல் யாரும் கிடையாது.

வேலை முடிந்து முதன்முதலாக பேட்டரி கொடுக்கும்போது நேரே ஃபியூஸைச் செருக விடாதீர்கள். ஃபியூஸ் இடத்தில் ஒரு பிரேக் லைட் பல்பை இணைக்கச் சொல்லுங்கள். சாவி அணைந்திருக்கும்போது அந்த பல்ப் எரியவே கூடாது. எரிந்தால் எங்கோ ஷார்ட். ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், வயர்க்கட்டை லேசாக அசைத்துப் பாருங்கள், அப்போதும் எரியக் கூடாது. ஷார்ட் இருந்தாலும் பல்ப்தான் எரியும், வண்டி எரியாது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதை நீங்கள் சொல்லாமலே செய்வார். அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் புகை வந்துவிட்டால்? உடனே ஓரம் கட்டுங்கள். சாவியை அணையுங்கள். பெட்ரோல் வால்வை மூடுங்கள். கை எட்டினால் பேட்டரி வயர், எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். தீ தெரிந்த பிறகு எதற்கும் கையை உள்ளே விடாதீர்கள். மண்ணை அள்ளிப் போடலாம், பவுடர் தீயணைப்பான் இருந்தால் அடிக்கலாம், தண்ணீர் ஊற்றாதீர்கள். எரிகிற பெட்ரோல் தண்ணீரில் மிதந்து பரவும். அப்புறம், தள்ளிப் போய்விடுங்கள்! 2022 ஏப்ரலில் ஆந்திரத்தின் குண்டக்கல் அருகே கோவில் வாசலில் பூஜைக்கு நிறுத்திய புத்தம் புது பைக் தீப்பற்றி, டேங்க் வெடித்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தீ டேங்க்கை எட்டிவிட்டால் எந்த வண்டியும் உங்களுக்குச் சொந்தமில்லை. 101-க்குப் பேசுங்கள். கை சுட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதையும் பூசாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்காதீர்கள்.

வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. வயரிங் சரிபார்க்காத பழைய வண்டியை ராத்திரி வீட்டுக்குள்ளும் வாசற்கதவை அடைத்தும் நிறுத்த விடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூர் பக்கம் இரவில் சார்ஜ் போட்டிருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில், அப்பாவும் சின்ன மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அது வேறு வகை வண்டி. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு எரிகிற எந்த வண்டியும் அதையேதான் செய்யும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். டேங்க்கைக் கழற்றுங்கள். ஃபியூஸ் கூட்டைத் திறவுங்கள். உள்ளே இருப்பது ஃபியூஸ்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியின் எர்த் வயரை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.